பதினோரு பவுண்டில் திறக்கும் வால்வு

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அது ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் பவுண்டு அக்கா. பெயரைக் கேட்டு மலை போன்ற ஆளை எதிர்பார்த்து வருகிறவர்கள், நீல மேலங்கியும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஒல்லியாக நிற்கும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். பவுண்டு என்றால் இங்கே எடை இல்லை, அழுத்தம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். கத்தரிக்கோல், துணி, போர்வை எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் இடம். கொதிகலனின் உச்சியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் அது தானாகத் திறந்து மிச்சத்தை வெளியே விட்டுவிடும். திறக்காவிட்டால் கூரை போய்விடும். அந்த வால்வைக் கழற்றித் துடைத்து, சோதித்து, சரியான பவுண்டில் நிறுத்துவது அவள் பொறுப்பு. நாளடைவில் மனிதர்களையும் அதே கணக்கில் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தலைமை நர்ஸ் வராந்தாவில் விறுவிறுவென்று வருவது தெரிந்தால், "இன்னிக்கு அறுபது பவுண்டு இருக்கும், யாரும் வாயத் திறக்காதீங்க" என்பாள். பெயர் அங்கே பிறந்ததுதான்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு மின்சார இயந்திரங்கள் வந்தன. கொதிகலனை வெட்டி எடுத்துப் போனார்கள். பவுண்டு அக்காவுக்கு ஒரு சால்வை போர்த்தி, கைகுலுக்கி அனுப்பி வைத்தார்கள். பழைய சாமான் அறைக்காரர், அவள் தினமும் துடைத்து வைத்திருந்த சோதனை மீட்டரைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். சால்வை இப்போது எங்கே இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. மீட்டர் மரப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்திருக்கிறது.

கணவர் கப்பலில் இயந்திர அறை வேலை. எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. பிள்ளைகள் இல்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, அண்ணனின் கார் பட்டறைக்குப் போய் நின்றாள். முன்பு அச்சகமாக இருந்த நீளமான கட்டடம் அது. முன்பக்க மேஜையில் அண்ணி. ஃபோன், பூட்டு, வருகிறவர்களின் கோபம் ஆகிய மூன்றையும் அண்ணி பார்த்துக்கொள்வாள். பின்பக்கம் முழுக்க அண்ணனின் ராஜ்ஜியம். அண்ணன் இன்ஜினைக் காதால் பார்க்கிறவர். பானெட்டைத் திறக்காமலே எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். பத்தில் ஒன்பது தடவை சரியாகவும் இருக்கும். தங்கை மீட்டரும் ட்யூபுமாக வந்து நின்றது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காது கேட்கிறவனுக்கு முள் எதற்கு என்று கேட்டார். அந்தப் பத்தாவது தடவைக்குத்தான் என்றாள் அவள். அண்ணி சிரித்துவிட்டதால் விஷயம் முடிவானது. ஜன்னலோரம் ஒரு மேஜையைத் தங்கைக்கு ஒதுக்கிக் கொடுத்தார் அண்ணன்.

அங்கே சேர்ந்த மூன்றாம் வருடம்தான் பல் டாக்டரின் கார் விவகாரம் வந்தது.

பல் டாக்டர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். முப்பது வருடப் பழைய சிவப்புக் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். டர்போ வைத்த கார். புகைபோக்கிக்குப் போகும் காற்றே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற, அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அதனால் வண்டி பறக்கும். ஆனால் திணிப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. எட்டு பவுண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள, எட்டு வந்ததும் திறந்து புகையை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவே கோளாறு செய்தால் கடைசிக் காவலுக்கு என்று காற்றுக் குழாயின் மேல் இன்னொரு வால்வு. டம்ளர் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு தட்டு, தட்டுக்கு அடியில் ரப்பர் வளையம், மேலே ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு. பதினோரு பவுண்டு வந்தால் அது திறந்து காற்றை வெளியே கொட்டிவிட வேண்டும். கொதிகலன் வால்வுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் பட்டறை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த சமயத்தில் காருக்கு நோய் கண்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏற்றத்தில் ஏறினால் பானெட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம், பிறகு புஸ்ஸென்று நீளமாக ஒரு பெருமூச்சு, அதோடு வண்டியின் வேகம் செத்துவிடும். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். டாக்டர் வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே அந்த வால்வின் திருகை ஒரு சுற்று இறுக்கினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் டப், புஸ். இரண்டாவது பட்டறையில் இன்னும் இரண்டு சுற்று. மூன்றாவது பட்டறைக்காரர், இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று திருகு உள்ளே போகும்வரை போக விட்டு முறுக்கிவிட்டார். வால்வு வாயை மூடிக்கொண்டது. வண்டி அம்பு மாதிரி ஏறியது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மூன்றே வாரத்தில் ஏற்றத்தில் இன்னொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. அதற்குள் அண்ணனும் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்ததால், டாக்டர் பழைய இடத்துக்கே வண்டியைக் கொண்டுவந்தார்.

அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். இன்ஜின் நாக் அடிக்கிறது, பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது, இப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும் என்றார். தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம் என்று ஸ்பேனரை எடுத்தார். பவுண்டு அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் கண் நேராக வால்வின் திருகில் போய் நின்றது. வெளியே விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய மரை ஒரு சுற்றுகூடத் தெரியவில்லை.

"அண்ணே, அதைத் தொடாதீங்க. முதல்ல இதைப் பார்த்துருவோம்" என்றாள்.

வால்வைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனாள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு ட்யூப், நடுவில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், பக்கத்தில் அவளுடைய மீட்டர். மெல்லத் திறந்தாள். எட்டு, பதினொன்று, பதினைந்து, இருபது. வால்வு அசையவில்லை. இருபத்திரண்டில் அவளே நிறுத்திவிட்டாள். திருகைத் தளர்த்திப் பிரித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ரப்பர் வளையம் காய்ந்து அலுமினியத்தோடு ஒட்டிப் போயிருந்தது. திறக்க இடமே இல்லாத கதவு.

அன்று காலை முழுவதும் அதிலேயே போனது. ஒட்டிய ரப்பரை மரக் குச்சியால் சுரண்டி எடுத்தாள். இரும்பு பட்டால் கீறல் விழும், அதன் வழியே காற்று கசியும். தட்டு உட்காரும் விளிம்பை மெருகேற்றும் பசை தடவிச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெளிச்சத்தில் ஒரே வளையமாக மின்னும்வரை விடவில்லை. ஸ்பிரிங்கை அளந்தாள், அமுங்கிக் கிடந்தும் நீளம் குறையவில்லை. புது ரப்பர் வெட்டிப் பொருத்தினாள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினாள். ஒன்பதில் திறந்தது, பத்தில் திறந்தது. பதினொன்றில் சின்னதாக ஒரு தும்மல் போட்டது. பத்து தடவை காற்று விட்டுப் பார்த்தாள். பத்து தடவையும் பதினொன்று. பூட்டு நட்டை இறுக்கி, அண்ணியின் கைப்பையிலிருந்து நகப்பூச்சு வாங்கி, நட்டுக்கும் திருகுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். யாராவது கை வைத்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். விலை கூடின பூச்சு அது என்று அண்ணி அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மூவருமாக ஏற்றத்துக்குப் போனார்கள். அண்ணன் ஓட்ட, பவுண்டு அக்கா பக்கத்தில், டாக்டர் பின்சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க. மூன்றாவது வளைவில், டப். பிறகு அந்தப் பழைய பெருமூச்சு. வண்டி தவழ்ந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

டாக்டரின் முகம் சுண்டிப் போய்விட்டது. மூன்று பேர் கஷ்டப்பட்டு மூடிய வாயை நீங்கள் திறந்துவிட்டீர்களே என்று குறைபட்டார். அண்ணனும் டாஷ்போர்டைக் காட்டினார். அங்கே வட்டமான ஒரு மீட்டரில் முள் எட்டில் நின்றது. எட்டில்தானே இருக்கிறது, எட்டிலேயே உன் வால்வு திறந்துவிட்டது, உன் அளவுதான் தப்பு என்றார். மேஜையில் பத்து தடவை பார்த்தேன் என்றாள் அவள். மேஜை வேறு, ரோடு வேறு என்றார் அவர். இருவரும் ஒருவர் பேசும்போதே மற்றவர் பேச, வண்டி எப்படியோ பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

இறங்கியதும் டாக்டர் குரலைத் தாழ்த்தி, ஒரு அரைச் சுற்று மட்டும் இறுக்கிவிட முடியாதா என்று கேட்டார். கெஞ்சலாகத்தான் கேட்டார்.

"டாக்டர், பல்லு வலிக்குதுன்னு ஒருத்தர் வந்தா, மரத்துப்போக ஊசி போட்டு, சரி போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவீங்களா?"

"அது வேற..." என்று இழுத்தார் டாக்டர். அண்ணி அவருக்கு ஒரு நாற்காலியும் டீயும் கொடுத்தாள்.

பவுண்டு அக்கா தன் மீட்டரை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். இன்ஜினுக்குள் காற்று நுழையும் வாயிலேயே ஒரு சின்ன ட்யூபைச் செருகி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் ஏற்றம். இந்தத் தடவை டாக்டர் பின்சீட்டிலிருந்து இரண்டு மீட்டரையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். டாஷ்போர்டில் ஆறு, மடியில் எட்டு. டாஷ்போர்டில் ஏழு, மடியில் பத்து. டாஷ்போர்டில் எட்டு, மடியில் பதினொன்று. டப்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றாள் பவுண்டு அக்கா. "அண்ணே, இந்த டாஷ்போர்டு மீட்டருக்குக் காத்து எங்கேருந்து வருது?"

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுகூடச் சிவந்துபோனது. பிறகு, வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகிற ட்யூபிலிருந்துதான் என்றார். அந்த ட்யூபை நடுவில் வெட்டி ஒரு மூன்று வழி இணைப்புப் போட்டு மீட்டருக்கு எடுத்திருக்கிறது. போன வருடம் போட்டது. போட்டவர் யார் என்று அவர் சொல்லவில்லை. பவுண்டு அக்காவும் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பட்டறைக்கு வந்து அந்த ட்யூபில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்று விட்டுப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. அண்ணன் மூச்சு விட்டார். நல்லாத்தானே இருக்கு என்றார். பவுண்டு அக்கா ட்யூபைத் தொட்டுப் பார்த்தாள். பானெட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ட்யூப் ஆறிப் போயிருந்தது. ஏற்றத்தில் போகும்போது அது டர்போவின் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும். அவள் அண்ணியிடம் போய் ஹேர் டிரையர் கேட்டாள். முதலில் நகப்பூச்சு, இப்போது இது, நாளைக்குப் புடவையைக் கேட்பாயோ என்றாள் அண்ணி. கேட்டுக்கொண்டே எடுத்தும் கொடுத்தாள்.

சூடு ஏற ஏற ரப்பர் இளகியது. மூன்று வழி இணைப்பின் கழுத்தில், கிளிப்புக்கு அடியில், முதலில் ஒரு குமிழி. பிறகு இரண்டு. பிறகு நுரை பொங்கி வழிந்தது. கிளிப்பை நீக்கினால் தலைமுடி அளவு ஒரு வெடிப்பு. ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடானால் திறந்துகொள்ளும்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பவுண்டு அக்கா அவருக்குப் புரியும்படி சொன்னாள். வெடிப்பு வழியாகக் காற்று போவதால் வேஸ்ட்கேட்டுக்குக் குறைந்த அழுத்தம்தான் போய்ச் சேருகிறது. இன்னும் எட்டு வரவில்லை என்று நினைத்து அது கதவைத் திறக்காமல் இருக்கிறது. டாஷ்போர்டு மீட்டரும் அதே ட்யூபைத்தான் நம்புகிறது, அதனால் அதுவும் எட்டு என்கிறது. உள்ளே உண்மையில் பதினொன்று. அதைச் சரியாகச் சொன்னது அந்த வால்வு ஒன்றுதான். மூன்று பட்டறையில் அதன் வாயைத்தான் அடைத்திருக்கிறார்கள்.

யாரும் எதிர்பாராமல் அண்ணன் கைத் துணியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரின் எதிரே வந்து நின்றார்.

"சார், இந்த ட்யூப் நான் போட்டது. பெட்ரோல் போற ட்யூப்ல மிச்சம் இருந்த துண்டு. இந்தச் சூட்டுக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் மாத்திக்கலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன். தப்பு என்னோடது."

பவுண்டு அக்கா தன் வாழ்நாளில் அண்ணன் வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதே இல்லை. அண்ணி ஃபோனை எடுக்காமல் அடிக்க விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பிஸ்டன் ஓட்டையாகியிருந்தால் இன்ஜினே போயிருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"அந்த மீட்டர் அன்னிக்கே வேணும்னு அடம்பிடிச்சது நான்தான்" என்றார் டாக்டர் மெதுவாக. "நீங்க நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்க. நான் வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சேன்."

"அடிச்சீங்க" என்றாள் அண்ணி. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் சிரித்தது டாக்டர்தான். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தோள் இறங்கியது.

மறுநாள் சூடு தாங்கும் சரியான ட்யூப் வந்தது. வேஸ்ட்கேட்டுக்கு ஒன்று, மீட்டருக்குத் தனியாக ஒன்று என்று அண்ணன் தன் கையால் போட்டார். ஒவ்வொரு கிளிப்பையும் இறுக்கிவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். ஏற்றத்தில் இரண்டு மீட்டரும் ஜோடியாக எட்டில் போய் நின்றன. கூழாங்கல் சத்தம் இல்லை. வால்வு மூச்சுக் காட்டவில்லை. மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பியதும், பவுண்டு அக்கா வால்வை மறுபடியும் கழற்றி மேஜையில் வைத்துச் சோதித்தாள். அமைதியாக இருப்பது திறக்க வேண்டாததாலா, திறக்க முடியாததாலா என்று வெளியே இருந்து சொல்ல முடியாது என்பது அவள் கட்சி. அண்ணனே கம்ப்ரசரைப் போட்டுவிட்டார். பதினொன்றில் தும்மியது.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்துவிடுவார். ட்யூபை அழுத்திப் பார்ப்பது, தட்டையும் விளிம்பையும் துடைப்பது, ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுவது, காற்று விட்டு அளவு பார்ப்பது, சிவப்புக் கோடு புதுசாக இழுப்பது. முக்கால் மணி நேர வேலை. டாக்டரே மூன்றாவது தடவையில் பாதியைக் கற்றுக்கொண்டார். பல் கிளினிக்கில் பயன்படும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்ஜினின் பின்பக்கம் பார்க்க அதைப் போல வசதி வேறில்லை என்று பவுண்டு அக்கா எல்லோரிடமும் காட்டினாள். டாக்டர் தன்னைப் போன்ற பழைய கார்ப் பைத்தியங்களிடம் சொல்லிச் சொல்லி, வேறு ஊர்களிலிருந்தெல்லாம் டர்போ வண்டிகள் வரத் தொடங்கின. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், வால்வை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை அடைத்துத் தாருங்கள், வண்டி இன்னும் பறக்க வேண்டும் என்றார். அவரிடம் அவள் வாதாடவில்லை. உடைந்த பிஸ்டன் ஒன்றைக் கையில் கொடுத்து, இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். கால் மணி நேரம் கழித்து வந்தபோது அவர் வால்வை இருக்கிறபடியே சுத்தம் செய்து கொடுக்கச் சொன்னார்.

அண்ணன் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் காதைத்தான் முதலில் வைக்கிறார். ஆனால் காது சொன்னதைச் சொல்லிவிட்டு, "எதுக்கும் நீ ஒரு தடவை பார்த்துடும்மா" என்று சேர்த்துக்கொள்கிறார். சண்டையும் நிற்கவில்லை. சண்டை இல்லாத நாளில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அண்ணி சந்தேகப்படுவாள்.

போன விடுமுறைக்குக் கணவர் கப்பலிலிருந்து வந்திருந்தார். டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்புக் காரோடு வாசலில் வந்து நின்றார். ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கிறது, போய்வரலாம் என்றார். கணவர் முன்சீட்டில் உட்கார்ந்து கப்பல் இன்ஜினின் டர்போ எவ்வளவு பெரியது என்று கைகளை விரித்துக் காட்டத் தொடங்கினார். அதில் டாக்டருக்கு இடது பக்கக் கண்ணாடி மறைந்தது. பின்சீட்டில் அண்ணியும் அவளும், நடுவில் ஒரு கூடைப் பழம். காரில் போகும்போதெல்லாம் அவள் மடியில் மீட்டர் இருக்கும், ஒரு காது பானெட்டில் இருக்கும். அன்றைக்குத்தான் சும்மா உட்கார்ந்து போனாள். ஜன்னல் வழியே இதமான காற்று வந்தது.

ஏற்றத்தின் முதல் வளைவு தாண்டியதும் டாக்டர் பின்னால் திரும்பாமலே, "எட்டுதான், பார்த்தீங்களா அக்கா?" என்று பெருமையாகக் கேட்டார். பதில் வரவில்லை. அண்ணி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பவுண்டு அக்கா அவள் தோளில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.